உதவிக் கோரிக்கையைச் சக ஊழியருக்குத் திறந்து கொடுப்பது எப்படி?

மன்னார்குடிப் பக்கத்து அரிசி ஆலை ஒன்று, கும்பகோணத்தில் இயங்கும் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்திடமிருந்து பில் போடும் மென்பொருளை வாங்கிப் பயன்படுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். எடைமேடையில் காட்டும் எடை பில்லில் ஏறவில்லை என்று ஆலை உரிமையாளரின் மகன் தம்முடைய மின்னஞ்சலிலிருந்து ஓர் உதவிக் கோரிக்கையை அனுப்பிவிட்டு, வேறு வேலையாகத் திருச்சிக்குப் போய்விடுகிறார். மென்பொருள் நிறுவனத்தார் பதிலில் ஒரு விவரம் கேட்கிறார்கள். அது அவருடைய கைப்பேசியில் படிக்கப்படாமல் கிடக்கிறது. ஆலை வாசலில் லாரிகள் வரிசையில் நிற்பதைப் பார்த்த கணக்கர், அதே குறையைத் தொலைபேசியில் மறுபடியும் சொல்ல, அங்கே வேறொரு பணியாளர் புதிதாக இன்னொரு கோரிக்கையைப் பதிகிறார். குறை என்னவோ ஒரு மணி நேரத்தில் தீரக்கூடியதுதான். பார்க்க வேண்டியவர் கண்ணில் கோரிக்கை படவில்லை என்பதே தாமதத்துக்குக் காரணம்.

இத்தகைய இடங்களில் வழக்கமாகக் கையாளப்படும் குறுக்குவழிகள் இரண்டு. ஒன்று, மகனுடைய கடவுச்சொல்லைக் கணக்கரிடம் சொல்லிவிடுவது. மற்றொன்று, பதில் வந்த திரையைப் படமெடுத்து வாட்ஸ்ஆப் குழுவில் போட்டுவிடுவது. முதலாவதில், எதை யார் எழுதினார் என்பது பிறகு எவருக்கும் தெரியாது. கணக்கர் வேலையை விட்டுப் போனாலும் கடவுச்சொல் அவருடனேயே போகும். இரண்டாவதில், படமெடுத்த பிறகு கோரிக்கையில் நடந்த எதுவும் குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியாது. கோரிக்கையைப் பார்க்கும் அனுமதியை அவரவர் பெயரிலேயே கொடுக்க அநேகமாக எல்லாச் சேவை மேசை மென்பொருள்களிலும், அதாவது உதவிக் கோரிக்கைகளைப் பதிந்து கையாளும் மென்பொருள்களிலும், வசதி இருக்கிறது. அதை எந்த அளவில், எந்த வழியில் கொடுப்பது என்பதை, இந்த வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக இங்கே விளக்குகிறேன்.

நம் பகுதிச் சிறு நிறுவனங்கள் எடுத்தாளக்கூடிய மென்பொருள்கள் ஜிரா சர்வீஸ் மேனேஜ்மென்ட், ஜென்டெஸ்க், ஃப்ரெஷ்டெஸ்க், ஜோஹோ டெஸ்க் ஆகியவை. கட்டணமின்றித் தம்முடைய சர்வரிலேயே நிறுவிக்கொள்ள விரும்புவோருக்கு ஓஎஸ்டிக்கெட், ரிக்வெஸ்ட் டிராக்கர் போன்ற திறமூல மென்பொருள்கள் உண்டு. ஃப்ரெஷ்டெஸ்க் 2010ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கப்பட்டது. தொடங்கியவர்களில் ஒருவரான கிரீஷ் மாத்ருபூதம் தஞ்சாவூர் சாஸ்த்ராவில் பொறியியல் படித்தவர் என்பதால், டெல்டாக்காரர்களுக்கு அது முற்றிலும் அயலூர்ச் சரக்கு அல்ல. இவற்றின் திரை அமைப்பும் பொத்தான்களின் பெயரும் அடிக்கடி மாறுகின்றன. ஆனால் அனுமதிகளின் வகைகள் மாறுவதில்லை. ஆகவே வகைகளை மனத்தில் இருத்திக்கொண்டால், பொத்தான் எங்கே இருந்தாலும் தேடிப் பிடித்துவிடலாம்.

முதல் படி: அவர் எந்தப் பக்கத்தவர் என்று பாருங்கள்

“எனக்கும் டிக்கெட்டைப் பார்க்க ஆக்சஸ் வேண்டும்” என்று ஒருவர் கேட்டால் (டிக்கெட் என்பது கோரிக்கைதான்), எதையும் அழுத்துவதற்கு முன் அவர் வாடிக்கையாளர் பக்கத்தவரா, சேவை தரும் பக்கத்தவரா என்று தீர்மானிக்க வேண்டும். இந்த மென்பொருள்கள் அனைத்தும் மனிதர்களை இந்த இரு கூறாகத்தான் பிரித்து வைத்திருக்கின்றன.

வாடிக்கையாளராகப் பதியப்பட்டவர் போர்ட்டல் எனப்படும் வாடிக்கையாளர் இணையப்பக்கம் வழியாகவோ மின்னஞ்சல் வழியாகவோ கோரிக்கையைப் பார்ப்பார். தமக்கென்று எழுதப்பட்ட பதில்கள் மட்டுமே அவருக்குத் தெரியும். எத்தனை வாடிக்கையாளர்களைச் சேர்த்தாலும் பொதுவாக அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. ஏஜென்ட் எனப்படும் சேவைப் பணியாளராகப் பதியப்பட்டவரோ கோரிக்கைகளின் வரிசையையே பார்ப்பார்; பணியாளர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் உள்குறிப்புகளும் அவருக்குத் தெரியும்; கட்டண மென்பொருள்களில் இப்படிப்பட்ட ஒவ்வொருவருக்கும் தலைக்கு இவ்வளவு என்று உரிமக் கட்டணம் உண்டு.

மேலே சொன்ன அரிசி ஆலையின் கணக்கர் எவ்வளவு வற்புறுத்திக் கேட்டாலும் அவர் வாடிக்கையாளர் பக்கத்தவரே. புதிதாக நிர்வாகப் பொறுப்புக்கு வந்தவர்கள், அனுமதி கேட்டவரை ஏஜென்டாகச் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுவதுண்டு. அப்படிச் செய்தால் மன்னார்குடி ஆலையின் கணக்கருக்குத் திருவாரூர் ஆலையின் கோரிக்கைகளும், நாச்சியார்கோவில் குத்துவிளக்குக் கடையின் கோரிக்கைகளும், அவர்களைப் பற்றி உங்கள் பணியாளர்கள் எழுதி வைத்த உள்குறிப்புகளும் ஒருசேரத் தெரிந்துவிடும். இதைத் திரும்பப் பெற முடியாது. அனுமதியை நீக்கலாமே தவிர, படித்ததை நீக்க முடியாது.

இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. கோரிக்கையைப் படிக்கலாம், உள்குறிப்பு எழுதலாம், வாடிக்கையாளருக்கு நேரடியாகப் பதில் அனுப்ப முடியாது என்பது அதன் இலக்கணம். ஜென்டெஸ்க்கில் இவரை லைட் ஏஜென்ட் என்கிறார்கள். ஜிராவில், சேவை மேசைக்கான உரிமம் இல்லாத, ஆனால் ஜிராவின் பிற பயன்பாடுகளில் கணக்கு வைத்திருக்கும் நிரலாளர் இந்த நிலையில் இருக்கலாம். நிரலாளர், கணக்குப் பிரிவினர், கிளை மேலாளர் ஆகியோருக்கு இந்த நிலையே போதும் என்பது என் கருத்து. வாடிக்கையாளரிடம் ஒரே குரலில் பேச வேண்டுமானால், பேசுகிறவர்கள் குறைவாக இருப்பதே நல்லது.

இரண்டாம் படி: ஒரே ஒரு கோரிக்கையைக் காட்டுதல்

பெரும்பாலான தேவைகள் இந்தப் படியிலேயே தீர்ந்துவிடும். கணக்கருக்கு அந்த எடைமேடைக் கோரிக்கை மட்டும் தெரிந்தால் போதும் என்றால், அவரை அந்தக் கோரிக்கையில் மட்டும் பங்கேற்பாளராகச் சேர்க்க வேண்டும்.

ஜிராவில் இதைக் கோரிக்கை அனுப்பியவரே செய்துகொள்ளலாம். அவர் போர்ட்டலில் உள்நுழைந்து, தம் கோரிக்கையைத் திறந்து, ஓரத்தில் உள்ள ஷேர் என்ற இடத்தை அழுத்தி, சக ஊழியரின் பெயரையோ மின்னஞ்சல் முகவரியையோ கொடுத்தால் போதும். சேர்க்கப்பட்டவர் கோரிக்கையைப் படிக்கலாம், பதில் எழுதலாம், கோப்புகளை இணைக்கலாம். புதிய பதில் வரும்போதெல்லாம் அவருக்கும் அறிவிப்பு போகும். யாரோடு பகிரலாம் என்ற வரம்பை நிர்வாகி வாடிக்கையாளர் அனுமதிகள் பகுதியில் முன்கூட்டியே வைக்கலாம்: எந்த மின்னஞ்சல் முகவரிக்கும் பகிரலாம் என்று தாராளமாக விடலாம், தம் நிறுவனத்தைச் சேர்ந்தவர்களோடு மட்டும் என்று சுருக்கியும் வைக்கலாம். ஷேர் பொத்தானை அழுத்தியும் சக ஊழியரின் பெயர் வரவில்லை என்று யாராவது சொன்னால், முதலில் பார்க்க வேண்டிய இடம் இந்த வரம்புதான்.

ஜென்டெஸ்க்கிலும் ஃப்ரெஷ்டெஸ்க்கிலும் இதே வேலையைச் சிசி, அதாவது பதிலின் நகலைப் பெறுபவராகச் சேர்ப்பது, செய்கிறது. ஜென்டெஸ்க்கில் சிசி வேறு, ஃபாலோயர் வேறு என்பதைக் கவனிக்க வேண்டும்: சிசியில் வாடிக்கையாளர் பக்கத்தவரைச் சேர்க்கலாம், அவருக்குப் பொதுப் பதில்கள் மட்டுமே போகும். ஃபாலோயராகச் சேவைப் பக்கத்தவரை மட்டுமே சேர்க்க முடியும். அவருக்கு உள்குறிப்புகளும் போகும். ஓஎஸ்டிக்கெட்டில் இவ்வாறு சேர்க்கப்படுபவருக்குக் கொலாபரேட்டர் என்று பெயர். ரிக்வெஸ்ட் டிராக்கரிலும் சிசி, சேவைப் பக்கத்தவருக்கான அட்மின்சிசி என இரண்டு உண்டு. ஆனால் ஒருவரைச் சிசியில் சேர்த்ததாலேயே அவருக்குக் கோரிக்கையின் பக்கம் திறந்துவிடாது. கோரிக்கை இருக்கும் வரிசையில் சிசி என்ற பாத்திரத்துக்கு ‘ஷோடிக்கெட்’ என்ற உரிமையை நிர்வாகி வழங்கியிருக்க வேண்டும். உள்குறிப்புகளுக்கான ‘ஷோடிக்கெட்கமென்ட்ஸ்’ தனி உரிமை. வாடிக்கையாளர் சேர்க்கப்படக்கூடிய சிசி பாத்திரத்துக்கு அதைக் கொடுக்கவே கூடாது.

எந்த மென்பொருளாக இருந்தாலும், சேர்ப்பதற்கு முன் கோரிக்கையை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்துவிடுங்கள். பங்கேற்பாளராகச் சேர்க்கப்படுபவர் போர்ட்டலுக்குள் போனால் இனி வரப்போகும் பதில்களை மட்டுமல்ல, அதுவரை நடந்த உரையாடல் முழுவதையும், அதில் இணைத்த கோப்புகளையும் பார்ப்பார் என்பதைப் புதியவர்கள் பலர் யோசிப்பதில்லை. உரிமையாளரின் மகன் எடைமேடைக் குறையைப் பற்றி எழுதும்போது, போகிற போக்கில் “கணக்கர் சரியாகப் பதியவில்லையோ என்று சந்தேகமாக இருக்கிறது” என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். ஊழியர்களின் ஆதார் எண்களும் வங்கிக் கணக்கு எண்களும் அடங்கிய எக்செல் கோப்பை, மாதிரிக்காக இணைத்தும் இருக்கலாம். அப்படி ஏதேனும் கண்ணில் பட்டால், பழைய கோரிக்கையில் ஆளைச் சேர்ப்பதைவிட, நடந்ததைச் சுருக்கி எழுதிப் புதிய கோரிக்கை ஒன்றைத் திறந்து, அதில் சேர்ப்பதே மேல்.

இணைப்புகளை, அதாவது கோரிக்கையில் இணைத்த கோப்புகளைப் பற்றி இன்னொன்று. ஜென்டெஸ்க்கில், உள்நுழைந்த பிறகே இணைப்புகளைத் திறக்க முடியும் என்ற அமைப்பை நிர்வாகி இயக்கி வைக்காவிட்டால், இணைப்பின் முகவரி கிடைத்த எவரும் அதைத் திறந்துவிடலாம். கோரிக்கைக்கு எவ்வளவு பூட்டுப் போட்டாலும், அந்த முகவரியை ஒருவர் வாட்ஸ்ஆப்பில் போட்டுவிட்டால் பூட்டுக்குப் பொருளில்லை. நிர்வாகப் பகுதியில் இந்த அமைப்பை முதல் நாளே தேடி இயக்கிவிடுவது நல்லது.

கோரிக்கையை வெறுமனே மின்னஞ்சலில் ஃபார்வர்டு செய்வதையும் அனுமதி வழங்குவதாக எண்ணிவிடக் கூடாது. ஃபார்வர்டு ஆன அஞ்சலிலிருந்து கணக்கர் பதில் அனுப்பினால், அவர் பெயர் கோரிக்கையில் இல்லாததால், சில மென்பொருள்கள் அதைப் புதிய கோரிக்கையாகத் திறந்துவிடும். சில அதை ஏற்றுக்கொண்டாலும் எச்சரிக்கைக் குறியோடு உள்குறிப்பாக வைத்துவிடும். இரண்டிலும், தாம் பதில் சொல்லிவிட்டதாகக் கணக்கர் நினைத்துக்கொண்டிருப்பார்.

இதற்கு நேர்மாறாக, கேட்காமலேயே அனுமதி போய்விடும் இடம் ஒன்றும் இருக்கிறது. ஒரே குறைக்கு வந்த இரண்டு கோரிக்கைகளைப் பணியாளர் ஒன்றாக இணைத்தால், பல மென்பொருள்களில், மூடப்படும் கோரிக்கையை அனுப்பியவர் மற்றதில் சிசியாகச் சேர்ந்துவிடுவார். ஆலையின் மகனும் கணக்கரும் அனுப்பிய இரண்டை இணைத்தால் பெரும்பாலும் பாதகமில்லை. ‘எடை ஏறவில்லை’ என்று ஒரே தலைப்பில் வந்திருக்கிறது என்பதற்காக இரு வேறு ஆலைகளின் கோரிக்கைகளை இணைத்தால், ஓர் ஆலையின் கணக்கு மற்றோர் ஆலைக்குப் போய்விடும்.

மூன்றாம் படி: நிறுவனத்தின் எல்லாக் கோரிக்கைகளையும் காட்டுதல்

ஒவ்வொரு கோரிக்கையிலும் ஒருவரையே திரும்பத் திரும்பச் சேர்க்க வேண்டியிருந்தால், வாடிக்கையாளர் நிறுவனத்தை ஓர் அமைப்பாகப் பதிந்து, அதன் உறுப்பினர்கள் ஒருவருடைய கோரிக்கையை மற்றவர் பார்க்கும்படி செய்யலாம். ஜிராவிலும் ஜென்டெஸ்க்கிலும் இதற்கு ஆர்கனைசேஷன் என்று பெயர், ஃப்ரெஷ்டெஸ்க்கில் கம்பெனி.

இங்கே நிர்வாகி தேர்ந்தெடுக்க வேண்டியது ஒன்றுதான்: அமைப்பின் உறுப்பினர் எல்லோரும் எல்லாவற்றையும் பார்ப்பதா, குறிப்பிட்ட சிலர் மட்டும் பார்ப்பதா? ஃப்ரெஷ்டெஸ்க்கில் வாடிக்கையாளரின் பதிவைத் திறந்தால், இவர் தம் கம்பெனியின் எல்லா டிக்கெட்டுகளையும் பார்க்கலாம் என்ற பொருளில் ஒரு சதுரக் கட்டம் இருக்கும். உரியவருக்கு மட்டும் அதில் குறியிட்டால் போதும். ஜென்டெஸ்க்கில் அமைப்பு முழுவதற்கும் இதைத் திறக்கலாம், தனி ஆளுக்கும் திறக்கலாம். ஓஎஸ்டிக்கெட்டில் முதன்மைத் தொடர்பாளர்கள் மட்டும் பார்ப்பது, உறுப்பினர் அனைவரும் பார்ப்பது என்று இரண்டு தெரிவுகள் உண்டு. தனி ஆள் என்ற தெரிவையே எடுங்கள். பத்துப் பேர் வேலை செய்யும் ஆலையில் உரிமையாளரும் மேலாளரும் எல்லாவற்றையும் பார்த்தால் போதும். சம்பளப் பட்டியலில் பிடித்தம் தவறாக வருகிறது என்ற கோரிக்கை எடைமேடையில் இருப்பவர் கண்ணில் படத் தேவையில்லை.

ஆனால் ஒருவரோடு நின்றுவிட வேண்டாம். 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த பிறகு, டெல்டாவின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் இல்லாமல் போனதை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒருவரை நம்பி மட்டும் எந்த வேலையையும் வைக்க முடியாது. ஓர் அமைப்புக்குக் குறைந்தது இரண்டு பேரிடம் முழுப் பார்வை இருப்பதும், அந்த இருவரும் கூடுமானவரை வேறு வேறு ஊரில் இருப்பதும் பாதுகாப்பு.

உறுப்பினர்களை அமைப்பில் சேர்க்கும் வழியில்தான் இந்த வேலையின் மிகப் பெரிய ஆபத்து இருக்கிறது. ஜென்டெஸ்க்கிலும் ஃப்ரெஷ்டெஸ்க்கிலும், ஒரு மின்னஞ்சல் டொமைனை (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பகுதியை) அமைப்போடு பிணைத்துவிட்டால், அந்த டொமைனிலிருந்து எழுதும் புதியவர்கள் தாமாகவே அந்த அமைப்பில் சேர்ந்துவிடுவார்கள். தமக்கென்று டொமைன் வைத்திருக்கும் பெருநிறுவனங்களுக்கு இது மிக வசதி. டெல்டாவின் அரிசி ஆலைகள், பட்டுக் கடைகள், வெல்ல மண்டிகள், உரக் கடைகள் பலவற்றிலோ உரிமையாளர் முதல் உதவியாளர் வரை எல்லோரும் ஜிமெயில் முகவரியையே பயன்படுத்துகிறார்கள். ஓர் ஆலையின் அமைப்பில், டொமைன் என்ற இடத்தில் ஜிமெயிலின் டொமைனை நிர்வாகி எழுதிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இனிமேல் ஜிமெயிலிலிருந்து எழுதும் எந்தப் புது வாடிக்கையாளரும் அந்த ஆலையின் உறுப்பினராகிவிடுவார். உறுப்பினர் எல்லோரும் எல்லாவற்றையும் பார்க்கலாம் என்ற அனுமதியும் சேர்ந்து இருந்தால், பாபநாசத்து உரக் கடைக்காரர் மன்னார்குடி ஆலையின் கணக்குகளை உட்கார்ந்த இடத்திலிருந்து படிக்கலாம். இதில் யாரும் கதவை உடைக்கவில்லை. மென்பொருள் தனக்குச் சொல்லப்பட்டபடியே நடந்துகொள்கிறது.

ஆகவே, பொது மின்னஞ்சல் சேவைகளின் டொமைனை எந்த அமைப்பிலும் எழுதக் கூடாது. ஜிமெயில்காரர்களை ஒவ்வொருவராகக் கையால்தான் அமைப்பில் சேர்க்க வேண்டும். அதில் நேரம் போகும், போகட்டும். ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும் சேவை மேசையின் பொறுப்பை நீங்கள் ஏற்றிருந்தால், முதல் வாரத்திலேயே எல்லா அமைப்புகளின் டொமைன் இடங்களையும் திறந்து பார்த்துவிடுங்கள்.

அமைப்பு முழுவதும் பார்க்கும் வசதி இருந்தாலும், தனியே எழுத வேண்டிய விஷயங்கள் வாடிக்கையாளர்களுக்கு இருக்கும். ஜிராவில் கோரிக்கை அனுப்பும்போதே, அமைப்போடு பகிர்வதா, தனிப்பட்டதாக வைப்பதா என்று தேர்ந்தெடுக்கும் இடம் உண்டு. அந்த இடத்தில் எது முன்கூட்டியே தேர்வாகி நிற்கிறது என்பதை நிர்வாகி பார்த்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் அவசரத்தில் எழுதுபவர்கள் அந்த இடத்தைத் தொடவே மாட்டார்கள். மருத்துவமனைகளுக்குச் சேவை செய்பவர்கள் இதில் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். நோயாளியின் பெயரும் பரிசோதனை முடிவும் தெரியும்படி திரையைப் படமெடுத்து இணைத்த கோரிக்கையை மருத்துவமனையின் எல்லா ஊழியரும் பார்ப்பது சரியல்ல. தனிநபர் தரவைக் கையாள்பவர் அதற்குத் தக்க பாதுகாப்புச் செய்தாக வேண்டும் என்பதை 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது.

நான்காம் படி: சேவை தரும் பக்கத்துச் சக ஊழியர்கள்

இப்போது உங்கள் அலுவலகத்துக்குள் வருவோம். கும்பகோணம் அலுவலகத்தில் எட்டுப் பேர், தஞ்சாவூரில் நான்கு பேர் என்று வைத்துக்கொண்டால், எல்லோரும் எல்லாவற்றையும் பார்க்கட்டும் என்று விடுவதே எளிது. சிறிய குழுவுக்கு அது பெரும்பாலும் சரியும்கூட. ஒருவர் விடுப்பில் போனால் மற்றவர் எடுத்துச் செய்யலாம். வரம்பு தேவைப்படுவது, சம்பளம், மருத்துவம், வங்கி போன்ற கமுக்கமான கோரிக்கைகள் வரும்போதும், பயிற்சியில் இருப்பவர்கள் சேரும்போதும்தான்.

வரம்பைப் பொதுவாக மூன்று அளவில் வைக்கலாம். ஃப்ரெஷ்டெஸ்க்கில் இது தெளிவாகவே தெரியும்: குளோபல் என்றால் எல்லாக் கோரிக்கைகளும், குரூப் என்றால் தம் குழுவின் கோரிக்கைகளும் தமக்கு ஒதுக்கப்பட்டவையும், ரெஸ்ட்ரிக்டட் என்றால் தமக்கு ஒதுக்கப்பட்டவை மட்டும். ஓஎஸ்டிக்கெட்டில் ஒவ்வொரு பணியாளருக்கும் முதன்மைத் துறை ஒன்று இருக்கும். பிற துறைகளின் கோரிக்கைகளையும் காட்ட வேண்டுமானால் கூடுதல் அணுகலாக அத்துறையைச் சேர்த்து, அங்கே அவருக்கு எந்தப் பொறுப்பு என்பதையும் தனியே குறிக்க வேண்டும். ஜோஹோ டெஸ்க்கிலும் துறைகள்தான் எல்லை. அங்கே பணியாளர் எந்தெந்தத் துறையில் இருக்கிறார் என்பதோடு, தரவுப் பகிர்வு விதிகள் என்ன சொல்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவருக்கு எது தெரியும் என்று சொல்ல முடியும்.

வேறு துறையில் உள்ள ஒருவரிடம் கருத்துக் கேட்பதற்காகக் கோரிக்கையையே அவர் துறைக்கு மாற்றிவிடுவது வழக்கத்தில் இருக்கிறது. அப்படி மாற்றியவுடன், வரம்புக்கு உட்பட்ட பணியாளராக இருந்தால், மாற்றியவருக்கே அது தெரியாமல் போய்விடும். வாடிக்கையாளர் தொலைபேசியில் கேட்கும்போது அவர் விழிப்பார். ஓஎஸ்டிக்கெட்டில் ரெஃபர் என்ற வசதி இதற்காகவே இருக்கிறது: கோரிக்கை இருந்த துறையிலேயே இருக்க, குறிப்பிட்ட பணியாளருக்கோ குழுவுக்கோ துறைக்கோ அதைப் பார்க்கும் வழி கிடைக்கும். ஜோஹோ டெஸ்க்கிலும் கோரிக்கையை வேறு துறையோடு பகிரலாம். மாற்றுவதற்கு முன் பகிர முடியுமா என்று பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

அனுமதியை ஆளின் பெயரில் நேரடியாகக் கொடுக்காமல், குழுவுக்கோ பொறுப்புக்கோ கொடுத்து, ஆளை அதில் சேர்ப்பதே முறை. ஒருவர் தஞ்சாவூர் அலுவலகத்துக்கு மாற்றலாகிப் போகும்போது, குழுவை மாற்றினால் எல்லாம் மாறிவிடும். தனித்தனியே கொடுத்தவற்றை நினைவில் வைத்து நீக்க வேண்டியிருக்காது.

பருவத்துக்கு வருபவர்கள்

டெல்டாவில் வேலையின் சுமை ஆண்டு முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை. வழக்கப்படி ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணை திறக்கப்பட்டுக் குறுவை நடவானால், செப்டம்பர், அக்டோபரில் அறுவடை. சம்பா அறுவடை பொங்கலை ஒட்டித் தொடங்கி அதற்கடுத்த மாதங்களிலும் நடக்கும். அந்த மாதங்களில் ஆலைகளில் கூடுதல் ஆள்களைத் தற்காலிகமாக வைத்துக்கொள்வார்கள். கோரிக்கைகள் பெருகுவதால் சேவை நிறுவனமும் ஓரிருவரைக் கூடுதலாக எடுக்கும்.

தற்காலிகமாக வந்தவர்களின் அனுமதி தானாகக் காலாவதியாகும் என்று நம்பக் கூடாது. கோரிக்கையில் பங்கேற்பாளராகச் சேர்த்தவர் நீங்கள் நீக்கும்வரை அதில் இருப்பார். அனுமதி வழங்கும்போதே நீக்க வேண்டிய நாளை அலுவலக நாள்காட்டியில் குறித்துவிடுங்கள். சேவைப் பக்கத்துக்குச் சில நாள்கள் மட்டும் ஆள் தேவைப்பட்டால், ஃப்ரெஷ்டெஸ்க்கில் அக்கேஷனல் ஏஜென்ட் என்ற வகை உண்டு. முழு உரிமக் கட்டணம் கட்டாமல், அவர் உள்நுழையும் நாள்களுக்கு மட்டும் டே பாஸ் வாங்கிக்கொள்ளலாம். உங்கள் திட்டத்தில் அது இருக்கிறதா என்று விலைப் பட்டியலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பருவம் முடிந்து ஆள் போகும்போது கணக்கை அழித்துவிடாமல், செயலிழக்கச் செய்யுங்கள். அழித்தால், அவர் எழுதிய பதில்கள் யாருடையவை என்பது பிறகு தெரியாமல் போகலாம். சேவைப் பணியாளராக இருந்தால், செயலிழக்கச் செய்வதற்கு முன் அவர் பெயரில் திறந்திருக்கும் கோரிக்கைகளை வேறொருவருக்கு மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவை எவருடைய வரிசையிலும் வராமல் கிடக்கும்.

ஐந்தாம் படி: அவராக நுழைந்து பாருங்கள்

அனுமதி கொடுத்த பிறகு, நிர்வாகியின் கணக்கிலிருந்து பார்த்து “எல்லாம் சரியாக இருக்கிறது” என்று முடிவுக்கு வரக் கூடாது. நிர்வாகிக்கு எல்லாமே தெரியும். அவர் கண்ணுக்குக் குறை தெரியாது. வாடிக்கையாளர் போலவே ஒரு சோதனைக் கணக்கை உருவாக்கி, உலாவியின் மறைநிலைச் (இன்காக்னிட்டோ) சாளரத்தில் அதன்மூலம் உள்நுழைந்து, சேர்க்கப்பட்டவருக்குக் கொடுத்த அதே அனுமதியைச் சோதனைக் கணக்குக்கும் கொடுத்துப் பாருங்கள். ஜென்டெஸ்க்கில் நிர்வாகி பயனரின் இடத்திலிருந்து பார்க்கும் வசதியும் இருக்கிறது.

பார்க்க வேண்டிய கோரிக்கை தெரிகிறதா என்பது பாதிச் சோதனைதான். தெரியக் கூடாத ஒன்றைத் தேடிப் பார்ப்பதே மறுபாதி. வேறோர் ஆலையின் பெயரைத் தேடல் பெட்டியில் இட்டுப் பாருங்கள். வேறொரு கோரிக்கையின் எண்ணை முகவரிப் பட்டையில் மாற்றி இட்டுப் பாருங்கள். உள்குறிப்பு ஒன்றை எழுதிவிட்டு அது சோதனைக் கணக்கின் மின்னஞ்சலுக்குப் போகிறதா என்று பாருங்கள். கடைசிச் சோதனையைத் தவறவிடக் கூடாது. திரையில் மறைந்திருக்கும் உள்குறிப்பு, யாரோ எழுதி வைத்த தானியங்கி விதி ஒன்றின் வழியாக அறிவிப்பு அஞ்சலில் வெளியே போகலாம்.

“எனக்குத் தெரியவில்லை” என்று அழைப்பு வந்தால்

அனுமதி கொடுத்தும் சக ஊழியருக்குக் கோரிக்கை தெரியவில்லை என்றால், பெரும்பாலும் காரணம் மின்னஞ்சல் முகவரியாகவே இருக்கும். அவரிடம் இரண்டு முகவரிகள் இருக்கலாம். நீங்கள் சேர்த்தது ஒன்று, அவர் உள்நுழைந்தது மற்றொன்று. தொலைபேசியில் கேட்டு எழுதிய முகவரியில் ஓர் எழுத்து மாறியிருக்கவும் கூடும். அந்த மாறிய முகவரி வேறு யாருக்கேனும் சொந்தமானதாக இருந்தால் அவருக்கே கோரிக்கை போய்விடும் என்பதால், முகவரியை எப்போதும் எழுத்தில் அனுப்பச் சொல்லிப் பெற்றுக்கொள்ளுங்கள். அடுத்ததாக, போர்ட்டலில் தம் கோரிக்கைகள் மட்டும் காட்டும் வடிகட்டி முதலில் தேர்வாகியிருக்கும். அமைப்பின் கோரிக்கைகள் என்று மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அழைப்பு அஞ்சல் ஸ்பேம் பெட்டியில் கிடக்கலாம். அமைப்பில் இன்று சேர்க்கப்பட்டவருக்கு, அமைப்பு உருவாவதற்கு முன் பதிவான பழைய கோரிக்கைகள் தெரியாமல் இருக்கலாம். அவை அந்த அமைப்போடு பிணைக்கப்பட்டிருக்காது என்பதால், தேவையானவற்றை மட்டும் கையால் பிணைக்க வேண்டும்.

தொலைபேசியில் ஒருவர் அழைத்து, “நான் அந்த ஆலையின் புது மேலாளர், எல்லாக் கோரிக்கைகளையும் எனக்குத் திறந்துவிடுங்கள்” என்று கேட்டால், குரல் தெரிந்ததாகவே இருந்தாலும் உடனே செய்துவிடாதீர்கள். அந்த அமைப்பில் ஏற்கெனவே முழுப் பார்வை உள்ள இருவரில் ஒருவர், தம் பதிவான மின்னஞ்சலிலிருந்து ஒரு கோரிக்கையாகவே அதை எழுதி அனுப்பட்டும். யார் கேட்டார், யார் ஒப்புக்கொண்டார், எந்த அளவுக்கு, எந்த நாள்வரை என்ற நான்கையும் அதே கோரிக்கையில் உள்குறிப்பாக எழுதிவிட்டு, பிறகு அனுமதியைக் கொடுத்து, கோரிக்கையை மூடிவிடுங்கள்.